தலைமயிர் அளவு இடைவெளி

"வண்டியில் என்ன பிழை?" என்று கேட்டால் எமது சகோதரிகளில் அநேகர் சத்தத்தைப் பற்றியே சொல்கிறார்கள். "டிக் டிக் எண்டு கேட்குது", "இரும்பு அடிபடுற மாதிரி இருக்கு" என்பார்கள். சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் நிம்மதி. ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கும் வால்வுகளைப் பொறுத்தவரை விடயம் நேர்மாறானது. மெல்லிய சத்தம் போடும் வால்வு பெரும்பாலும் சுகமாகவே இருக்கிறது. ஒரு சத்தமும் போடாத வால்வுதான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கக் கூடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல எஞ்சின்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில், வீட்டு வளவுக்குள் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலையை 2012 ஆம் ஆண்டிலிருந்து செய்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கணவனோ தமையனோ விட்டுப்போன வண்டி, அல்லது மீள்குடியேறிய பின்னர் சீட்டுக் காசில் வாங்கிய பழைய வண்டி. கராச் வாசலில் நின்று, "இது என்ன, அது ஏன்" என்று கேட்கக் கூச்சம். கேட்டாலும் "உங்களுக்கு விளங்காது அக்கா, விட்டுட்டுப் போங்கோ" என்ற பதில். விளங்காத விடயம் ஒன்றும் இதில் இல்லை. அடுப்பும் பானையும் தெரிந்த எவருக்கும் வால்வு விளங்கும்.

பானைக்கு மூடி இருப்பதுபோல எஞ்சினின் சிலிண்டருக்கு இரண்டு மூடிகள் உண்டு. ஒன்று பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடுவது. மற்றது எரிந்த புகையைச் சைலன்சருக்குள் வெளியே விடுவது. இந்த மூடிகள்தான் வால்வுகள். காளான் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும்: அகன்ற தலை, நீண்ட தண்டு. தலை தன் இருக்கையில் காற்றுப் புகாமல் உட்கார வேண்டும். தண்டின் நுனியை ரொக்கர் என்னும் சிறிய கை ஒன்று தட்டும்போது வால்வு திறக்கும். தட்டுவதை விட்டதும் ஸ்பிரிங் அதை இழுத்து மூடிவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 தடவை சுழன்றால் ஒவ்வொரு வால்வும் 2,500 தடவை திறந்து மூட வேண்டும். பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வருவதற்குள் எத்தனை ஆயிரம் தடவை என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தட்டும் ரொக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையில், வால்வு மூடியிருக்கும் வேளையில் மிகச் சிறியதோர் இடைவெளி இருக்க வேண்டும். இதைத்தான் கராச்சில் "ராப்பெட் வைக்கிறது" என்று சொல்கிறோம். எம்மிடையே அதிகம் ஓடும் ஹொண்டா எம்.டி. 90, சி 50, சி 70, சி 90 போன்ற பழைய வண்டிகளுக்கு இந்த அளவு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர், அதுவும் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது. பிள்ளைகளின் கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பைவிட இது குறைவு. மெல்லிய தலைமயிர் ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய இடைவெளி எதற்கு? இரும்பு சூட்டில் நீளும். எஞ்சின் சூடாகும்போது வால்வுத் தண்டும் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் விடாவிட்டால் தண்டின் நுனி ரொக்கரில் முட்டிக்கொண்டு நிற்கும். வால்வு முழுதாக மூடாது. பானை மூடிக்கு அடியில் அகப்பைக் காம்பு மாட்டிக்கொண்டதுபோல ஒரு நீக்கல் இருந்துகொண்டே இருக்கும்.

இடைவெளி கூடிவிட்டால் என்ன நடக்கும்? ரொக்கர் தூரத்திலிருந்து வந்து அடிப்பதால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். வால்வு சற்றுக் குறைவாகத் திறக்கும், இழுவை கொஞ்சம் குறையும், நீண்ட காலம் விட்டால் நுனிகள் தேயும். இது உடனடி ஆபத்து அல்ல. இடைவெளி இல்லாமற் போவதுதான் ஆபத்து. அதிலும் புகை வெளியேறும் வால்வு. கடுமையாக ஓடும்போது அதன் தலை 700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டை அது இறக்கி வைப்பது எங்கே? மூடி உட்காரும் ஒவ்வொரு முறையும் தன் இருக்கைக்குக் கொடுக்கிறது. இருக்கையிலிருந்து அது எஞ்சின் தலைக்கும், அங்கிருந்து காற்றுக்கும் போகிறது. முழுதாக உட்கார முடியாத வால்வு சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்கிறது. மேலதிகமாக, எரியும் வாயு அந்த நீக்கலுக்குள்ளால் ஊதுவிளக்குப் போல சீறிக்கொண்டு போகிறது. சில நூறு கிலோமீற்றரில் வால்வின் விளிம்பு கருகிப் பல்லுப் பல்லாகப் போய்விடும். இவ்வளவும் நடக்கும்போது எஞ்சின் மிக அமைதியாக ஓடும். தட்டுவதற்கு இடைவெளியே இல்லையே, சத்தம் எங்கிருந்து வரும்?

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தேய்மானம் என்றால் இடைவெளி கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ரொக்கரும் அதைத் தூக்கும் காமும் தேய்ந்தால் உண்மைதான், கூடும். ஆனால் வால்வின் தலையும் இருக்கையும் அடிபட்டு அடிபட்டுத் தேயும்போது வால்வு தன் இருக்கைக்குள் இன்னும் ஆழமாகப் புதைகிறது. அப்போது தண்டின் நுனி ரொக்கரை நோக்கி நகர்கிறது, இடைவெளி குறைகிறது. ஆகவே ஒருவரும் கை வைக்காமலே, காலப்போக்கில் ராப்பெட் தானாக இறுகலாம். "போன வருசம் சரியாகத்தானே வைச்சது" என்பது இதற்குப் பதில் ஆகாது.

சென்ற வருடம் என்னிடம் வந்த ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் திரித்து, பொதி செய்து, கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுபவர். கணவர் 2009 இல் இல்லாமற் போனவர். மூன்று பிள்ளைகள். எம்.டி. 90 ஒன்றில் பின்னால் பெட்டி கட்டி, நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோமீற்றர் ஓடுகிறார். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனும் இருந்தது. வண்டி ஒரு நாள் நின்றால் அந்தக் கிழமைத் தவணை நிற்கும்.

"சத்தம் ஏதும் கேட்டதோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. முந்தித்தான் டிக் டிக் எண்டு கேட்டது. ஒரு இடத்தில காட்டினன், இறுக்கி விட்டினம். பிறகு பட்டுப் போல ஓடினது. இப்ப ரெண்டு கிழமையா விடிய உதைச்சு உதைச்சுக் கால் வீங்கிப் போச்சு. ஏத்தத்தில பெட்டியோட இழுக்குதில்லை. எஞ்சின் இறக்க வேணுமாம் எண்டு சொல்லுகினம்."

எஞ்சின் இறக்குவதற்குக் கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானத்துக்கும் மேல். மூத்த பிள்ளையின் தோட்டை அடகு வைப்பதா, வண்டியை வந்த விலைக்கு விற்பதா என்ற யோசனையில்தான் என்னிடம் வந்திருந்தார். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். நல்ல எஞ்சினில் ஓரிடத்தில் அது எதிர்த்து நிற்க வேண்டும். இங்கே எதிர்ப்பு மிகக் குறைவு; சைலன்சர் வாயில் காதை வைத்தபோது மெல்லிய "உஸ்" என்ற காற்று. புகை வால்வு மூடவில்லை என்று அது சொல்லாமல் சொன்னது. வண்டியை என் கொட்டிலிலேயே இரவு விடச் சொன்னேன். சூட்டோடு ராப்பெட் பார்க்கக் கூடாது. வன்னி வெயிலில் நிற்கும் வண்டியைக்கூட மத்தியானத்தில் தொடுவதில்லை நான். விடியற்காலை, தேத்தண்ணி வைக்கும் நேரம்தான் இந்த வேலைக்கு உகந்தது.

மறுநாள் அவரையே செய்யவைத்தேன். நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். அந்த ஒழுங்கை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், வேண்டுபவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

தேவையானவை அதிகமில்லை. ராப்பெட் மூடிக்கு 17 ஸ்பனர், உள்ளே இருக்கும் சிறிய நட்டுக்கு வண்டியைப் பொறுத்து 8 அல்லது 9 ஸ்பனர், பிளக் கழற்றும் ஸ்பனர், சிறிய குறடு ஒன்று, பீலர் கேஜ் ஒன்று. பீலர் கேஜ் என்பது விசிறிபோல விரியும் மெல்லிய உருக்குத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தடிப்பு எழுதப்பட்டிருக்கும். வாங்கும்போது 0.05 எழுதிய தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில மலிவுச் செட்டுகளில் அது இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் கறிச் செலவுக்குள் அடங்கும் சாமான். அயலில் நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் போதும்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் எஞ்சினைக் கையால் இலேசாகச் சுற்றலாம். பிறகு இடப்பக்கம், காந்தச் சில்லு இருக்கும் மூடி. சில மாதிரிகளில் முழு மூடியையும் கழற்ற வேண்டும், சிலவற்றில் பார்ப்பதற்கென்றே வட்ட மூடிகள் உண்டு. எஞ்சின் தலையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ராப்பெட் மூடிகள் இருக்கும். மேலே காபரேற்றர் பக்கம் இருப்பது உள்ளே விடும் வால்வு. கீழே சைலன்சர் பக்கம் இருப்பது புகை வால்வு. கீழ் மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் ஒயில் வடியும், பழைய பேணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூடி திறக்க முன்னர் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைப்பது முக்கியம். எமது கிறவல் தெருப் புழுதி உள்ளே விழுந்தால் செய்த வேலையைவிடச் செய்யாமல் விட்டது நல்லது என்றாகிவிடும்.

இனி, காந்தச் சில்லை இடப்புறமாக, அதாவது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சில்லில் F என்றும் T என்றும் இரண்டு கோடுகள் பொறித்திருக்கும். முதலில் F வரும், அடுத்து T வரும். F என்பது பிளக் பொறி விடும் இடம், அது எமக்கு வேண்டாம். T கோடு எஞ்சின் உடலிலுள்ள அடையாளத்துக்கு நேரே வரும்போது நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. ஆனால் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை உச்சிக்கு வரும். எமக்கு வேண்டியது இரண்டு வால்வும் மூடியிருக்கும் தடவை மட்டுமே. அதை அறிய, சுற்றும்போது பிளக் துவாரத்தில் பெருவிரலை வையுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்து, அடுத்து T வந்தால் அதுதான் சரியான இடம். அல்லது இரண்டு ரொக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சற்றே ஆட வேண்டும். கீழே உள்ளது இறுக்கமாக நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

அந்த அக்காவின் வண்டியில் மேல் ரொக்கர் ஆடியது. கீழ் ரொக்கர் எத்தனை சுற்றுச் சுற்றியும் ஆடவில்லை. 0.05 தகட்டை நுனியில் வைத்துத் தள்ளிப் பார்த்தார், நுழையவே இல்லை. "இவ்வளவுந்தானோ?" என்று என்னைப் பார்த்தார். இவ்வளவுதான்.

நடுவில் சிறிய சதுரத் தலை கொண்ட ஸ்குறூ, அதைச் சுற்றிப் பூட்டும் நட். நட்டை அரைச் சுற்று இளக்க வேண்டும். பிறகு சதுரத் தலையைக் குறட்டால் மெதுவாக இளக்கி, தகட்டை நுழைத்து, தகடு மேல் ஸ்குறூவை வரவிட வேண்டும். சரியான அளவை எப்படி அறிவது? இங்கேதான் கைப்பழக்கம். தகட்டை இழுக்கும்போது புதுப் புத்தகத்தின் இரண்டு தாளுக்கிடையில் இருந்து ஒரு தாளை இழுப்பதுபோல மெல்லிய பிடி இருக்க வேண்டும். தாராளமாக வந்தால் கூட. மடங்கி நின்றால் குறைய. அந்தத் தகடு மிக மெல்லியது, பலம் போட்டுத் தள்ளினால் சுருண்டுவிடும். ஒரு துளி ஒயில் பூசிக்கொள்ளுங்கள். இப்போது சதுரத் தலையை அசையாமல் குறட்டால் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். நட் இறுகும்போது ஸ்குறூவையும் கூட இழுத்துக்கொண்டு போவது அதன் குணம். ஆகவே இறுக்கிய பின்னர் மீண்டும் தகடு போட்டுப் பாருங்கள். அந்த அக்கா மூன்று தடவை திரும்பச் செய்தார். நான்காம் தடவை சரியாக வந்தது. பிறகு சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, திரும்ப T க்குக் கொண்டுவந்து, மறுபடியும் அளந்தோம்.

ஒரு சிறு உபாயம். சவரம் செய்யும் பிளேட் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். 0.05 தகடு நுழைய வேண்டும், பிளேட் நுழையக் கூடாது. இரண்டும் சரியென்றால் உங்கள் வேலை சரி. பிளேட்டை மாத்திரம் வைத்து ராப்பெட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கூடிய இடைவெளி, சத்தம் கேட்கும். என்றாலும் இறுக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பேன்.

பிளக்கைப் பூட்டி உதைத்தார். மூன்றாவது உதையில் ஸ்ராட் வந்தது. கூடவே அந்தப் பழைய டிக் டிக் சத்தமும் மெல்லியதாகத் திரும்பி வந்தது. அவருடைய முகம் மாறியதைக் கண்டு, அந்தச் சத்தம் இருக்கட்டும் என்றேன். வால்வின் விளிம்பு ஏற்கனவே கருகத் தொடங்கியிருந்தால் இடைவெளியை மாத்திரம் திருத்திப் பயனில்லை என்பதால், இரண்டு கிழமை ஓடிவிட்டு வரச் சொன்னேன். வந்தார். கிக்கர் நன்றாக எதிர்த்து நின்றது, சைலன்சரில் காற்றுக் கேட்கவில்லை. வண்டி இப்போதும் ஓடுகிறது. தோடும் பிள்ளையின் காதில் இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி நேரத்தோடு வாய்ப்பதில்லை. முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி, செல் விழுந்ததில் ஒரு காலில் பலமில்லாதவர், மற்றக் காலால் உதைத்துத்தான் ஸ்ராட் செய்வார். அவருக்கு முதல் உதையில் வண்டி வர வேண்டும் என்பது வசதி அல்ல, தேவை. அவர் கொண்டுவந்தபோது புகை வால்வின் விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இல்லை. எஞ்சின் தலையைக் கழற்றிப் புது வால்வு போட்டு, பசை பூசி இருக்கையில் உட்காரும்வரை கையால் தேய்த்தெடுக்க இரண்டு நாள் போனது. வால்வு தேய்த்துப் பூட்டிய ஒவ்வொரு தடவையும் ராப்பெட்டைப் புதிதாக வைக்க வேண்டும், ஏனெனில் தேய்த்த வால்வு முன்னரைவிட ஆழமாக உட்காரும். இதை விட்டுவிட்டு வண்டியைக் கொடுத்தால் அதே கதை திரும்ப நடக்கும்.

வால்வு தேய்ப்பதை நான் கற்றது என் தகப்பனாரிடம். அவருடைய கை அந்த வேலையில் பழகியது மண்ணெண்ணெயால். 1990 இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் இல்லாமற் போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய காலம் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவாக ஆவியாகாது. பாதி எரிந்து கரியாகப் படியும், எரியாதது ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். கரித்துணுக்கு வால்வுக்கும் இருக்கைக்கும் இடையில் சிக்கினால் இடைவெளி சரியாக இருந்தாலும் வால்வு மூடாது. அந்நாட்களில் மாதம் ஒரு தடவை தலை கழற்றிக் கரி சுரண்டுவது அப்பாவின் வழக்கம். 2022 இல், கிழமைக்கு 4 லீற்றர் என்று மோட்டார் சைக்கிளுக்குப் பங்கு வைத்தபோதும் சிலர் அந்தப் பழைய வித்தைக்குத் திரும்பினார்கள். அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் அதுவும் நின்றது. உங்கள் வண்டி அப்படி ஓடிய வண்டி என்றால், அல்லது அப்படி ஓடியவரிடம் வாங்கியது என்றால், ராப்பெட்டோடு மட்டும் நிற்காமல் ஒருக்கால் தலையையும் திறந்து பார்ப்பது நல்லது.

இவ்வளவு பாடு பட்டும் இந்த வண்டிகள் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. எம்.டி. 90 என்பது ஜப்பானில் தபாற்காரருக்கென்று ஹொண்டா செய்த வண்டி, வீட்டுக்கு வீடு நின்று நின்று பாரத்தோடு ஓடுவதற்கானது. அதன் தாய் இனமான சூப்பர் கப் 1958 இல் வந்தது. 2017 ஆகும்போது 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். ஆகவே உதிரிப்பாகத்துக்குப் பஞ்சம் குறைவு.

ராப்பெட் எல்லா வண்டிக்கும் இல்லை என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில், பழைய யமஹா மேற் போன்றவற்றில், நான் மேலே சொன்ன மாதிரியான வால்வும் ரொக்கரும் கிடையா. அப்படியொரு வண்டிக்கு "ராப்பெட் வைத்த கூலி" என்று எழுதிக் காசு வாங்கிய துண்டு ஒன்றை ஒரு சகோதரி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கே என்று இங்கே எழுதவில்லை. அவர் அந்தத் துண்டோடு திரும்பப் போய்க் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்னொரு வகையும் உண்டு. ரொக்கரும் ஸ்குறூவும் இல்லாமல், காம் நேரடியாக வால்வை அமுக்கும் எஞ்சின்கள். வால்வுத் தண்டின் நுனிமேல் கவிழ்த்த சிறு வாளி போன்ற ஒன்று. அதோடு நாணயம் போன்ற உருக்குத் தட்டு ஒன்று. இதுதான் ஷிம். கவாசாகி இசட் 1, சுசுகி ஜி.எஸ். 750 போன்ற 1970களின் பெரிய வண்டிகளில் ஷிம் வாளியின் மேலேயே இருக்கும். எமது பக்கத்தில் காணக்கூடிய கவாசாகி கே.எல்.எக்ஸ். 250 போன்றவற்றில் ஷிம் வாளிக்குக் கீழே, மாத்திரை அளவில் இருக்கும். திருப்பி வைக்க ஸ்குறூ இல்லை. இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் ஷிம்மை எடுத்துவிட்டு வேறு தடிப்பில் ஒன்றைப் போட வேண்டும். பெரும்பாலும் 0.05 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் இவை விற்பனைக்கு வருகின்றன.

இதைக் கேட்டதும் மெக்கானிக்மாரே பின்வாங்குவார்கள். வேலை கொஞ்சம் நீளம், ஆனால் கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு. பழைய ஷிம்மின் தடிப்போடு அளந்த இடைவெளியைக் கூட்டி, இருக்க வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது ஷிம்மின் தடிப்பு வரும். பழைய ஷிம் 2.70, அளந்த இடைவெளி 0.08, வேண்டியது 0.15 என்று வைப்போம். 2.70 உடன் 0.08 ஐக் கூட்டி 0.15 ஐக் கழித்தால் 2.63. அப்படியொரு ஷிம் கடையில் இல்லை, 2.60 உம் 2.65 உம் தான் உண்டு. 2.65 போட்டால் இடைவெளி 0.13, 2.60 போட்டால் 0.18. கையேட்டில் 0.10 முதல் 0.20 வரை என்று இருந்தால் இரண்டும் சரிதான். நான் 2.60 ஐத்தான் போடுவேன். இந்த எஞ்சின்களிலும் இடைவெளி காலம் போகப் போகக் குறைவதே வழக்கம், ஆகவே குறைய இடம் விட்டு வைப்பது புத்தி.

ஆனால் ஒன்று. ஷிம் வாளிக்குக் கீழே இருக்கும் எஞ்சினில் காம்களைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. காமைத் திரும்பப் பூட்டும்போது சங்கிலி பல்லுத் தவறினால் பிஸ்டனும் வால்வும் மோதக்கூடும். முதல் தடவை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம். கழற்ற முன்னர் எல்லா வால்வின் இடைவெளியையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கழற்றிய பின்னர் ஒவ்வொரு ஷிம்மின் தடிப்பையும் எழுதுங்கள். அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீற்றரால் அளந்தால் இன்னும் நல்லது, தேய்ந்திருக்கும். சில வேளை ஒரு வால்வின் ஷிம் மற்ற வால்வுக்குப் பொருந்தும், வாங்கவே தேவையிராது. சங்கிலி போகும் குழிக்குள் துணியை அடைத்து வைக்க மறக்காதீர்கள். உள்ளே விழுந்த ஷிம்மைத் தேடுவது கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுவது போலத்தான்.

தாங்களே செய்ய விரும்பாதவர்கள் கராச்சில் விடலாம், அதில் குறைவில்லை. விடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "வண்டி ஆறின பிறகோ பார்ப்பியள்?" என்பது ஒன்று. "புகை வால்வு எவ்வளவு இருந்தது, எவ்வளவில வைச்சியள்?" என்பது மற்றது. காதால் கேட்டு வைப்பவருக்கு இரண்டாவதற்குப் பதில் இராது. அளந்து வைத்தவர் எண்ணைச் சொல்வார். வண்டி சூட்டோடு போய், தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ராப்பெட் வைத்துத் தந்தால் அந்த வேலையை நான் நம்ப மாட்டேன்.

அந்த எண்ணை ஒரு கொப்பியில் திகதியோடும் கிலோமீற்றரோடும் எழுதி வையுங்கள். 3,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். புகை வால்வு ஒவ்வொரு தடவையும் விரைவாக இறுகிக்கொண்டு வருகிறது என்று கொப்பி காட்டினால் இருக்கை தேய்கிறது, தலையைத் திறக்கக் காசு சேர்க்கத் தொடங்கலாம். திடீரென்று ஒருநாள் தெருவில் நிற்கத் தேவையில்லை. ராப்பெட் மூடிகளுக்குள் இருக்கும் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது சில்லறைக் காசு. மூடிய மறுநாள் காலையில் கீழ் மூடியை விரலால் ஒருக்கால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வளையம் சரியாக உட்காரவில்லை.